கருவி போன பிறகு கையில் என்ன இருக்கும்?

பிரவுசரில் அசையும் பாடங்களை ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடியும் என்று அடோபி 2017-லேயே அறிவித்துவிட்டது. மூன்று வருடத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. ஊழியர்களுக்கு இணையப் பாடங்கள் செய்யும் எங்கள் பயிற்சிப் பிரிவில் எல்லோருக்கும் அது தெரியும். ஃப்ளாஷிலிருந்து மாற்ற வேண்டிய பாடங்களின் பட்டியல்கூட ஓர் எக்செல் கோப்பில் இருந்தது. ஆனாலும் 2021 ஜனவரி நடுவில் ஒருநாள் காலை பாடங்களை ஏற்றி நடத்தும் தளமான எல்எம்எஸ்ஸைத் திறந்தால், பதினான்கு பாடங்கள் வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாக நிற்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த வாரமே முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சியும் அதில் ஒன்று.

பாடங்களைச் செய்துகொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். "மூலக்கோப்பு எங்ககிட்ட இல்லைங்க மேடம். அப்போ வேலை பார்த்தவங்க யாரும் இப்போ இல்லை" என்றார்கள். எங்களிடம் இருந்தது வெளியீட்டுக்கான எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள் மட்டும். திருத்தக்கூடிய எஃப்எல்ஏ கோப்பு ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியிருக்கவில்லை.

அந்த வாரம்தான் ஜேபெக்ஸ் என்ற இலவசக் கருவி எனக்கு அறிமுகமானது. எஸ்டபிள்யூஎஃப் கோப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒலி, படம், எழுத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரும். குரல் பதிவுகளை அப்படித்தான் மீட்டோம். ரஃபிள் என்று இன்னொன்றும் உண்டு. ஃப்ளாஷ் கோப்பை இன்றைய பிரவுசரில் ஓடவைக்கும் திறந்த மூல எமுலேட்டர் அது. எங்கள் பாடங்கள் சிலவற்றில் வேலை செய்தது, சிலவற்றில் வினாடி வினா பகுதி நின்றுபோனது. பழைய மின்னஞ்சல் இணைப்புகளைத் துழாவியதில் மூன்று பாடங்களின் ஸ்டோரிபோர்டு, அதாவது திரைக்குத் திரை என்ன வரும் என்ற திட்டம், வேர்டு கோப்பாகக் கிடைத்தது. அந்த மூன்றும் இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டன. மீதி பதினொன்றுக்கு ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதம் என் வேலை முறையையே மாற்றிவிட்டது. அதற்கு முன்பு புதுக் கருவி எது வந்தாலும் கணக்குத் திறந்து பார்த்துவிடுவேன். பிரவுசரில் புக்மார்க் நூற்றுக்கு மேல் சேர்ந்திருந்தது. இப்போது எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் ஒரே கேள்விதான்: நாளைக்கு இது இல்லாமல் போனால், நான் செய்த வேலையில் எவ்வளவு என் கையில் இருக்கும்? கேள்வி எளிது. ஆனால் என் பட்டியலில் முக்கால்வாசி அதைத் தாண்டவில்லை. தாண்டியவற்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் மூடுல். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கி 2002-இல் முதல் பதிப்பை வெளியிட்ட திறந்த மூல எல்எம்எஸ். தோற்றம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அதன் அமைப்புப் பக்கங்களில் தேடி அலைந்த நாட்கள் நிறைய. ஆனால் ஒரு முழுப் பாடத்தை ஒரே பேக்கப் கோப்பாக எடுத்து, வேறு சர்வரில் உள்ள இன்னொரு மூடுலில் ஏற்றிவிடலாம். கேள்வி வங்கியைத் தனியாக ஏற்றுமதி செய்யலாம். கிஃப்ட் என்ற வடிவத்தில் எடுத்தால் அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். எங்கள் கேள்விகள் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படி எடுத்து வைக்கிறேன்.

அடுத்தது எச்5பி. இதில்தான் என் நாளின் பாதி போகிறது. நார்வேயில் உருவான திறந்த மூலத் திட்டம். நடுவில் நின்று கேள்வி கேட்கும் வீடியோ, கிளை பிரியும் சூழ்நிலைப் பயிற்சி, இழுத்து வைக்கும் பயிற்சி, ஃப்ளாஷ் கார்டு என்று பல வகை உண்டு. மூடுல், வேர்ட்பிரஸ் இரண்டிலும் ஓடும். செய்ததை எச்5பி கோப்பாக இறக்கி, எச்5பி உள்ள வேறெந்தத் தளத்திலும் ஏற்றிக்கொள்ளலாம். இணையமே இல்லாமல் வேலை செய்ய லூமி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினியில் நிறுவி, அங்கேயே எச்5பி பாடத்தை உருவாக்கி, ஒரே எச்டிஎம்எல் கோப்பாகவோ எல்எம்எஸ்ஸில் ஏற்றும் ஸ்கார்ம் தொகுப்பாகவோ எடுக்கலாம். வேலைக்குப் புதிதாக வருபவர்களை நான் முதலில் உட்காரவைப்பது இதில்தான்.

புகார் சொல்ல வரும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று பதினொரு நிமிட வீடியோ ஒன்று எங்களிடம் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் 'முடிந்தது' என்று பதிவானது. ஆனால் தொலைபேசியில் பழைய பாணியிலேயே பேசினார்கள். அதே வீடியோவை எச்5பி-யில் ஏற்றி நான்கு இடங்களில் நிறுத்தினேன். வாடிக்கையாளர் கோபமாக ஒரு வரி சொன்னதும் வீடியோ நிற்கும். "இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?" மூன்று பதில்கள். மூன்றுமே மரியாதையானவை, ஆனால் ஒன்றுதான் புகாரைக் காதில் வாங்கிக்கொண்டது. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் வாடிக்கையாளரின் அடுத்த எதிர்வினை ஓடும். முதல் வாரம் பாதிப் பேருக்கு மேல் இரண்டாவது நிறுத்தத்தில் தவறினார்கள். தவறியதைப் பற்றி மதிய இடைவேளையில் பேசிக்கொண்டார்கள். பாடத்தை முடித்தவர்கள் அதைப் பற்றி வெளியே பேசிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஸ்டோரிலைன், கேப்டிவேட், ஐஸ்பிரிங் போன்ற, பாடம் தயாரிக்கும் கட்டணக் கருவிகளை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஸ்டோரிலைனில் நானே நிறையச் செய்கிறேன். ஆனால் அதன் மூலக்கோப்பைத் திறக்க அந்த மென்பொருள் வேண்டும். சந்தா நின்றால் திறக்க வழியில்லை. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்புக்கு அனுப்புவதற்காகத் திரையில் உள்ள எழுத்து முழுவதையும் வேர்டு கோப்பாக எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. மொழிபெயர்க்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அந்த வேர்டு கோப்பை எடுத்து மூலக்கோப்போடு வைத்துவிடுகிறேன். அன்றைக்கு மூன்று பாடங்களைக் காப்பாற்றியது வேர்டு கோப்புதானே.

இனி ஸ்கார்ம். இதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் இரவு முழுக்கக் கண்விழிக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டம் உருவாக்கிய தரநிலை. 2001-இல் வந்த 1.2 பதிப்பு இன்னும் பல எல்எம்எஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாடம் எங்கே செய்யப்பட்டாலும் எல்எம்எஸ்ஸோடு பேச ஒரு பொது மொழி, அவ்வளவுதான்.

ஐம்பது திரை கொண்ட ஒரு பாடம். சோதனை செய்தபோது எல்லாம் சரி. வெளியிட்ட மூன்றாம் நாள் புகார்: "பாதியில் மூடிவிட்டு மறுநாள் திறந்தால் முதல் திரைக்கே போகிறது." எல்லோருக்கும் இல்லை. பொறுமையாக எல்லாவற்றையும் சொடுக்கிப் பார்த்தவர்களுக்கு மட்டும். அவசரமாகத் தாண்டிப் போனவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு நாள் பாடத்துக்குள்ளேயே தேடினேன், ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தொகுப்பை ஸ்கார்ம் கிளவுடில் ஏற்றினேன். ரஸ்டிசி என்ற நிறுவனத்தின் சோதனைத் தளம் அது. சின்ன அளவில் சோதிக்க இலவசக் கணக்கு கிடைக்கும். பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்வதை வரிக்கு வரி பதிவாகக் காட்டும். அதில்தான் விடை இருந்தது. விட்ட இடத்தை நினைவில் வைக்க ஸ்கார்ம் 1.2 கொடுக்கும் இடம் 4,096 எழுத்துகள். அதிகம் சொடுக்கியவர்களுக்குச் சேமிக்க வேண்டிய தகவல் அதைத் தாண்டிவிட்டது. எங்கள் எல்எம்எஸ் அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. ஆர்வமாகப் படித்தவர்களுக்குத்தான் தண்டனை கிடைத்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் அந்த இடம் 64,000 எழுத்துகள். உங்கள் எல்எம்எஸ் ஏற்கும் என்றால் அதில் வெளியிடுவது எளிய தீர்வு. இன்னொரு லாபமும் உண்டு. 1.2-இல் 'முடித்தார்', 'தேறினார்' இரண்டுக்கும் ஒரே புலம்தான். 2004-இல் இரண்டும் தனித்தனி. எங்கள் எல்எம்எஸ் 1.2 மட்டும்தான் ஏற்கும் என்பதால் பாடத்தை மூன்றாகப் பிரித்தோம். பிரித்த பிறகு முடிப்பவர்கள் கூடினார்கள். அது நாங்கள் எதிர்பாராதது.

புதியவர்கள் அடிக்கடி சிக்கும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கார்ம் தொகுப்பு என்பது ஒரு ஜிப் கோப்பு. அதன் மேல்மட்டத்திலேயே ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்க வேண்டும். ஜிப்பைப் பிரித்து ஏதோ ஒரு படத்தை மாற்றிவிட்டு, வெளி ஃபோல்டரை வலது சொடுக்கி மறுபடி ஜிப் செய்தால், அந்தக் கோப்பு ஒரு படி உள்ளே போய்விடும். எல்எம்எஸ் "செல்லாத தொகுப்பு" என்று திருப்பி அனுப்பும். ஃபோல்டருக்குள் போய், எல்லாவற்றையும் தேர்வு செய்து ஜிப் செய்யுங்கள்.

எக்ஸ்-ஏபிஐ பற்றியும் கேட்பார்கள். யார், என்ன செய்தார், எதை என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பதிவு செய்யும் முறை. 2013-இல் முதல் பதிப்பு வந்தது. எல்எம்எஸ்ஸுக்கு வெளியே நடப்பதையும் பதியலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பதிவுகளை யார் பார்க்கப்போகிறார்கள், பார்த்து என்ன முடிவெடுக்கப்போகிறார்கள் என்று பதில் கிடைக்காதவரை நான் அதில் இறங்குவதில்லை.

ஒலிக்கு ஆடாசிட்டி, திரைப் பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ. இரண்டும் இலவசம், திறந்த மூலம், எத்தனையோ வருடமாக நிலைத்து நிற்பவை. ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். பதிந்து முடித்ததும் ஓபிஎஸ்ஸின் கோப்பு மெனுவிலேயே ரீமக்ஸ் என்று இருக்கும், சில நொடிகளில் எம்பி4 ஆக்கித் தரும்.

ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கும் வசதி எல்லோருக்கும் தெரியும். அதைச் சரியாகப் பயன்படுத்தத்தான் எனக்கு நாளானது. பேசத் தொடங்கும் முன் ஐந்து நொடி வாயைத் திறக்காமல் அறையின் அமைதியை மட்டும் பதிய வேண்டும். அந்த ஐந்து நொடியைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் அடையாளமாகக் கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து நீக்கச் சொல்ல வேண்டும். நீக்கும் அளவு அப்போது 12 டெசிபெல் என்று இருந்தது. ஆர்வத்தில் அதை 24-க்கு ஏற்றினேன். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. இப்போது 6-க்கு மேல் போவதில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் தந்தது மைக்குக்குப் பின்னால் தொங்கவிட்ட ஒரு கனமான போர்வை.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம் என்ற விவாதம் எல்லா அலுவலகத்திலும் நடக்கும். 2014-இல் பிலிப் குவோவும் வேறு இரு ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் இருப்பவற்றில்தான் ஈடுபாடு அதிகம் என்று கண்டார்கள். நான் ஆறு நிமிடத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. பதினொரு நிமிட வீடியோ நான்கு நிறுத்தங்களோடு நன்றாகவே போனதைச் சொன்னேனே. ஆனால் மேலதிகாரி நாற்பது நிமிட உரையை அப்படியே ஏற்றச் சொல்லும்போது அந்த ஆய்வை எடுத்துக் காட்டுவேன். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளும் அப்படித்தான் கைகொடுக்கும். படத்தோடு திரையில் உள்ள வாக்கியத்தையே குரலும் வரிக்கு வரி வாசித்தால் கற்பது அதிகமாகாது, குறையும் என்று அவர் காட்டினார். ஸ்லைடில் உள்ளதை வாசித்துவிடுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதுதான்.

வசனவரிகளுக்கு விஸ்பர் பயன்படுத்துகிறேன். ஓபன்ஏஐ 2022-இல் திறந்த மூலமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள். சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம் என்பதால் அலுவலக வீடியோவை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. தமிழும் புரியும், ஆனால் ஆங்கிலம் அளவுக்கு இல்லை. ஒருமுறை, பொருட்களைச் சேமித்து வைக்கும் வெப்பநிலையைச் சொல்லும் வீடியோவில் "இருபது" என்று பேசியதை "எழுபது" என்று எழுதியிருந்தது. காது கேளாத ஒருவர் அந்த வரியை மட்டுமே நம்பிப் படிப்பார். அன்றிலிருந்து எண்கள், மருந்துப் பெயர்கள், 'கூடாது' என்று முடியும் வாக்கியங்கள் இவற்றை மட்டும் தனியாக ஒரு முறை கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் வெளியிடுவதில்லை. கிடைக்கும் எஸ்ஆர்டி என்ற வசனவரிக் கோப்பு வெறும் எழுத்துதான். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் திருத்துவது வசதி.

இந்தத் துறையில் இருக்கும் பதினைந்து வருடத்தில் எனக்கு அதிகம் கற்றுத்தந்த கருவி எது என்றால் என்விடிஏ என்பேன். பார்வையற்றவர்களுக்கான இலவசத் திரைவாசிப்பான். எங்கள் பாடத்தை எடுத்த ஒருவர் போன் செய்தார். "மேடம், இதுல எனக்கு 'பட்டன், பட்டன், பட்டன்'னு மட்டும்தான் கேக்குது. எந்த பட்டனை அழுத்தறது?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அன்று மாலை என்விடிஏவை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, மௌஸை ஓரமாக வைத்துவிட்டு, நானே செய்த பாடத்தில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஆகியும் இரண்டாம் திரையைத் தாண்ட முடியவில்லை. 'அடுத்து', 'கேள்', 'விடை' என்று நான் அழகாக வரைந்த எல்லாமே படங்கள். திரைவாசிப்பான் வாசித்துக் காட்ட எதற்கும் மாற்று உரை இல்லை.

மாற்று உரை சேர்த்து, டேப் விசை நகரும் வரிசையைச் சரிசெய்ய ஒரு நாள்கூட ஆகவில்லை. இழுத்து வைக்கும் பயிற்சிகளுக்கு அருகில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியையும் வைத்தோம். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டியிலும், இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்ய மாற்றுவழி வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். நிறங்களுக்கு வெப்எய்ம் தளத்தின் கான்ட்ராஸ்ட் செக்கர் போதும். எழுத்து நிறம், பின்னணி நிறம் இரண்டையும் கொடுத்தால் விகிதம் சொல்லும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 வேண்டும். எங்கள் நிறுவனத்தின் இளம் ஆரஞ்சு வெள்ளைப் பின்னணியில் அதில் தேறவில்லை. அடர் ஆரஞ்சு கேட்டு டிசைன் பிரிவோடு ஒரு மாதம் பேச வேண்டியிருந்தது, ஆனால் கிடைத்தது.

படங்களுக்கு ஓப்பன்வெர்ஸ், விக்கிமீடியா காமன்ஸ். இரண்டிலும் உரிமம் பக்கத்திலேயே தெரியும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றாலே எதற்கும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். என்சி என்று இருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது, கட்டணப் பயிற்சியில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. என்டி என்றால் மாற்றி அமைத்துப் பகிரக்கூடாது. படத்தை இறக்கும் அதே நிமிடத்தில் தலைப்பு, ஆக்கியவர், எடுத்த முகவரி, உரிமம் நான்கையும் ஓர் எக்செல் வரியில் எழுதிவிடுவேன். பிறகு எழுதலாம் என்று விட்ட படங்களின் ஆக்கியவரைத் தேடுவது பெரும்பாடு.

ஏஐ உரையாடல் கருவிகளைக் கேள்வி தயாரிக்கப் பயன்படுத்துகிறேன், ஆனால் அரைகுறையாகத்தான். பத்துக் கேள்வி கேட்டால் பத்தும் நொடியில் வரும். உற்றுப் பார்த்தால் சரியான விடை பெரும்பாலும் நீளமாக இருக்கும், தவறான விடைகள் யாரும் ஏமாறாத அளவுக்கு அசட்டுத்தனமாக இருக்கும். நல்ல தவறான விடை என்பது வேலை செய்பவர்கள் உண்மையிலேயே செய்யும் தவறிலிருந்துதான் வரும். அதற்கு மேற்பார்வையாளர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால் போதும். அப்புறம், பயிற்சி பெறுபவர்களின் பெயர், மதிப்பெண் எதையும் அந்தக் கருவிகளில் ஒட்டாதீர்கள்.

கற்றுக்கொள்ள எங்கே போவது? ஸ்டோரிலைனை உருவாக்கிய ஆர்டிகுலேட் நிறுவனம் நடத்தும் ஈ-லேர்னிங் ஹீரோஸ் தளத்தில் மற்றவர்கள் தங்கள் மூலக்கோப்புகளையே பகிர்கிறார்கள். இறக்கித் திறந்து, எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். பயிற்சி வடிவமைப்பாளர் கேத்தி மூரின் ஆக்‌ஷன் மேப்பிங் முறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மக்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை விட்டு, வேலையில் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவார். பல சமயம் பாடமே தேவையில்லை, மேசையில் ஒட்ட ஒரு பக்கம் போதும் என்று முடியும். நான் அப்படி இரண்டு பாடங்களைச் செய்யாமலேயே முடித்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பாடமும் முடியும் நாளில் ஒரு ஃபோல்டர் தயாராகும். ஸ்டோரிபோர்டு, திரை எழுத்து எல்லாம் வேர்டில். வெட்டி ஒட்டாத குரல் பதிவுகள், ஒவ்வொரு திரைக்கும் ஒன்று. எஸ்ஆர்டி, பட உரிமப் பட்டியல், கேள்விகளின் எழுத்துக் கோப்பு, கருவியின் மூலக்கோப்பு, எந்தக் கருவி எந்தப் பதிப்பு என்று ஒரு சின்னக் குறிப்பு. வெளி நிறுவனம் செய்தாலும் இதெல்லாம் வந்த பிறகுதான் கடைசித் தவணை. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு விதி மாறியது. ஏழு நாளில் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது மூன்று நாளானது. நான் விடுப்பில் இருந்தேன். சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒரு பெண் அந்த ஃபோல்டரைத் திறந்து, வேர்டில் இரண்டு இடம், திரையில் இரண்டு இடம், எஸ்ஆர்டியில் ஒரு வரி மாற்றி, ஒன்பதாம் திரையின் குரலை மட்டும் தன் குரலில் மறுபடி பதிந்து, ஸ்கார்ம் கிளவுடில் ஓட்டிப் பார்த்து, மாலை நாலு மணிக்கு ஏற்றிவிட்டாள். ஒன்பதாம் திரையில் மட்டும் குரல் வேறு என்று இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.